தேவராஜ் அண்ணன் போட்ட ஓல்டான்

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். ஆளாளுக்கு அனுபவம் எழுதித் தரவேண்டுமாம். டிரைவர்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரே பிரேக்கில் ஊரையே காப்பாற்றியிருக்கிறார்கள். கண்டக்டர் தரப்பில் ஒருத்தரும் எழுதவில்லையே என்று செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஆவடியில் அந்தப் புது பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தால் கடைசிவரை எழுதியிருக்கவே மாட்டேன்.

புது பஸ் என்றால் நிஜமாகவே புதுசு. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. அடுத்த நிறுத்தம் என்ன என்று ஒரு பெண் குரல் சொல்கிறது, அதுவும் கோபப்படாமல். படிக்கட்டில் தொங்க இடமே இல்லை. நல்ல விஷயம்தான், குறை சொல்லமாட்டேன். படிக்கட்டில் தொங்கியவர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை போனது. அன்றைக்குக் கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு அம்மா கையில் பையோடு ஓடிவந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தேன்: "ஓல்டான்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் கதவைத் திறந்தார், அந்த அம்மா ஏறிக்கொண்டார். இளவயசுக் கண்டக்டர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இன்னா சார், நம்ம டிபார்ட்மெண்ட் ஆளா? அது இன்னா சார் ஓல்டான்? எங்கேந்து வந்துச்சு அந்த வார்த்த?"

வேலைக்காலம் முழுக்க அதைக் கத்தித்தான் சோறு தின்றிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கிலீஷ்காரன் விட்டுவிட்டுப் போனதில் அதுவும் ஒன்று என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சேக்காட்டில் என் வீட்டிலேயே ஒரு இங்கிலீஷ் இருக்கிறது. மருமகள் கவிதா கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனார் வாயிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையைத் தவிர வேறு பேச்சு வந்ததே என்று இருக்கலாம். ஓல்டான் என்பது ஹோல்ட் ஆன் என்றாள். அது எனக்கும் தெரியும் என்றேன். அந்த ஹோல்ட் என்ற வினைச்சொல் இருக்கிறதே மாமா, அது பண்ணாத வேலையே கிடையாது என்று ஆரம்பித்தாள். கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலும் ஹோல்ட். மூச்சை அடக்கினாலும் ஹோல்ட். கூட்டம் நடத்தினாலும் ஹோல்ட், பதவியில் இருந்தாலும் ஹோல்ட், போனில் ஒருத்தரைக் காக்க வைத்தாலும் ஹோல்ட். பாத்திரத்தில் தண்ணீர் கொள்ளுவதும் அதுதான், ஒருவர் ஒரு கருத்தை நம்புவதும் அதுதான். ரயில்காரர்கள் சொல்லும் ஹால்ட் கூட இதற்குப் பங்காளி முறையாம், ஜெர்மன்காரர்கள் வழியாக வந்ததாம். ஆன் சேர்த்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றும் அர்த்தம், கொஞ்சம் இரு என்றும் அர்த்தம். வண்டியை நிறுத்து என்று அதற்கு அர்த்தம் கொடுத்தது நாம்தான் போலிருக்கிறது என்றாள்.

"அதெல்லாம் இப்ப இருக்கற அர்த்தம் மாமா. ஆதியில என்னவா இருந்துச்சுன்னு காலேஜ்ல பெரிய அகராதி இருக்கு, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று போய்விட்டாள்.

அவள் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதே எனக்குத் தேவராஜ் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. ஓல்டான் என்றால் எனக்கு அவர்தான்.

அதற்கு முன்னால் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சேக்காட்டில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள் இருக்கும் இடத்தில் என் அப்பா பிறத்தியார் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் மட்டும் ஏறவே இல்லை. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் ஒவ்வொரு பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போதும், "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு" என்பார். ஊரில் எல்லா வாத்தியாரும் எல்லாப் பையனையும் சொல்வதுதான். மற்ற பையன்கள் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு மட்டும் முகம் சிவந்துவிடும். அவர் எங்கள் அப்பாவைத் திட்டுகிறார் என்றே படும். அந்த ரோஷத்தில்தான் எப்படியோ தேறி, லைசென்ஸ் வாங்கி, கண்டக்டர் வேலையில் சேர்ந்தேன்.

பயிற்சிக் காலத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். டிக்கெட் கிழிக்கக் கற்றுக்கொண்டேன், நிறுத்தம் எல்லாம் மனப்பாடம் செய்தேன், கால் வீங்கியது. அவ்வளவுதான். உண்மையான பயிற்சி டிரைவர் தேவராஜ் அண்ணனோடு ஆவடி–பூந்தமல்லி வண்டியில் என்னைப் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது. பட்டாபிராம்காரர். என்னைவிட ரொம்ப சீனியர். மனுஷன் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார், எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். நான் பக்கத்தில் போய் நின்று ஏதாவது கேட்டாலும் பதில் கண்ணாடிக்குத்தான் போகும். அங்கிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டும். டீக்கடையில் கண்ணாடி இல்லாததால் பேசவே மாட்டார். வண்டி எடுக்கும் முன் ஒரு தடவை சுற்றிவந்து ஒவ்வொரு டயரையும் காலால் உதைப்பார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் ஆள் இல்லை, அவரும் வண்டியில் ஒரு பாகம்.

எங்கள் வேலையின் அடிப்படை ரொம்ப எளிது. பின்வாசலை ஒட்டிக் கண்டக்டர் சீட். ஒரு ஊதல் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதல் ஊதினால் போகும். ஊத நேரமில்லையென்றால் வாயால் ஓல்டான், ரைட். பின்னால் நடப்பது எதுவும் டிரைவருக்குத் தெரியாது. ஏறுகிறவன் காலா, இறங்குகிற அம்மாவின் முந்தானையா, எதுவும் தெரியாது. கண்டக்டரின் ஊதலை நம்பித்தான் அவர் காலை எடுப்பார். அந்த நம்பிக்கையை யாராவது கெடுத்தால் பஸ் ஓட்டவே முடியாது.

கெடுத்தார்கள். காலையில் ஏறும் கல்லூரிப் பையன்கள் கும்பல் ஒன்று. நல்ல பையன்கள்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். படியில் தொங்கிக்கொண்டே என் குரலில் "ஓல்டான்!" என்று ஒருத்தன் கத்துவான். அண்ணன் பிரேக் போடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். என் குரலை என்னைவிட நன்றாகப் பேசுவான் அந்தப் பாவி. ஒருநாள் காடுவெட்டிப் பாலம் தாண்டி அப்படிக் கத்தப் போய், அண்ணன் பிரேக் போட, நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் விழுந்து பல் உடைந்துவிட்டது. ஜனம் பையன்களை விட்டுவிட்டு டிரைவரைத் திட்டியது. அண்ணன் பெரியவரைத் தானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே ஓல்டானுக்கு நிக்க மாட்டேன். அது உன் வாயா இருந்தாலும் சரி, எவன் வாயா இருந்தாலும் சரி. விசிலு ஒண்ணுதான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து பையன்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் வண்டி நிற்காது. கத்திப் பார்த்தார்கள், அலுத்துப்போகவில்லை. நிற்கவே நிற்காத பஸ்ஸைப் பார்த்து ஓல்டான் சொல்வதே தனி விளையாட்டாகிவிட்டது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகள்கூடச் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை. கோவர்த்தனகிரி நிறுத்தத்தில் கூட்டம் முட்டிமோதியது. இரண்டு வாசலிலும் குடைகளும் டிபன் பைகளும் மனிதர்களுமாக ஏறினார்கள். பின்வாசலில் கடைசியாக வசந்தா ஏறினாள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் பெண். தினமும் நம் வண்டிதான். குழந்தை அமுலுவைக் கரையான்சாவடியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். நான் இரண்டு ஊதல் ஊதினேன், வண்டி கிளம்பியது.

வசந்தா நிமிர்ந்து பார்த்தாள், இடுப்புப் பக்கம் குனிந்து பார்த்தாள், பின்னால் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அமுலு கீழ நின்னுட்டா" என்றாள். ஓடிவந்து ஏறும்போது நெரிசலில் கை விட்டிருக்கிறது. குழந்தை பின்னாலேயே வருகிறது என்று நினைத்துத் தான் மட்டும் ஏறிவிட்டாள். அந்தச் சாலையில் லாரிகள் எப்படிப் போகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாலு வயதுக் குழந்தை, மழை, தனியாக.

ஊதலாம் என்று விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன். அதற்குள் வசந்தா ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்கப் போய்விட்டாள். அவள் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தேன். அந்த இழுப்பில் என் கழுத்துக் கயிறு அறுந்து விசில் தரையில் விழுந்தது. பஸ் தரை முழுக்கச் சேறும் மழைத் தண்ணீரும். தடவி எடுத்து ஊதினால் தண்ணீர்தான் பீச்சுகிறது, சத்தம் வரவில்லை. "ஓல்டான்!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள். அந்தக் கல்லூரிப் பையன்களே விஷயம் தெரிந்து, உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். என் குரலில் பேசும் அந்தப் பையன் அழுதுகொண்டே கத்தினான். பாதி பஸ் கத்தியது. அண்ணன் கொஞ்சம் வேகமாகவே போனார்.

என் ஒரு கையில் வசந்தா திமிறிக்கொண்டிருக்கிறாள். விட்டால் குதித்துவிடுவாள். முன்னால் நகர்ந்து போக ஒரு விரல் இடம் இல்லை. அப்போதுதான் தோன்றியது. நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து வருவது கிடையாது. காசும் டிக்கெட்டும் கைக்குக் கை போகும், கைக்குக் கை வரும். தூக்கத்தில் இருப்பவன்கூடத் தோளில் தட்டினால் கண் திறக்காமல் வாங்கி முன்னால் கொடுத்துவிடுவான். அந்த விசிலையே எதிரில் இருந்தவர் கையில் வைத்து, "டிரைவருக்கு, பாஸ் பண்ணுங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொடுத்தார். அடுத்தவரும் கேட்கவில்லை. தலைகளுக்கு மேலே அது போவது கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கண்டக்டர் கழுத்தைவிட்டு விசில் இறங்கி வந்தால், பின்னால் ஏதோ ஆகிவிட்டது என்று அண்ணனுக்குப் புரியும். என் கணக்கு அவ்வளவுதான்.

திடீரென்று முன்னாலிருந்து கீச்சென்று ஒரு ஊதல். நீளமான ஊதல். வண்டி பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் நின்றது.

நின்றதுதான் தாமதம், வசந்தா குதித்துவிட்டாள், நானும் குதித்தேன். இரண்டு பேரும் வந்த வழியே மழையில் ஓடுகிறோம். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. அவள் ஓடிக்கொண்டே எல்லாச் சாமியையும் கூப்பிடுகிறாள், நான் எதிரே வரும் லாரிகளைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே ஓடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. போய்ப் பார்த்தால் குழந்தை அங்கே இருக்கவேண்டுமே என்று ஒரே நினைப்பு. இல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று இன்னொரு நினைப்பு.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓல்டான்!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். பழக்கம். வசந்தாவும் நின்றாள். திரும்பிப் பார்த்தால், தேவராஜ் அண்ணன். சீட்டைவிட்டு இறங்கமாட்டாத மனுஷன், குரல் உயர்த்தாத மனுஷன், தொப்பலாக நனைந்து ரோட்டில் நிற்கிறார். இடுப்பில் அமுலு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயில் என் விசில்.

நடந்தது இதுதான். முன்வாசலில் தொற்றிக்கொண்டிருந்த கீரைக்கார கன்னியம்மா, மழையில் நின்ற குழந்தையைப் பார்த்ததும் அம்மா பின்னால் வருகிறாள் என்று நினைத்து உள்ளே தூக்கிக்கொண்டுவிட்டார். யாரோ மடியில் வாங்கினார்கள், அங்கிருந்து இன்னொரு மடி. நம் ஜனம் நெரிசலில் குழந்தையைக் கண்டால் யார் குழந்தை என்று கேட்காது, முதலில் மடியில் வைத்துக்கொள்ளும், கேள்வி இறங்கும்போதுதான். கடைசியில் அமுலு டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பானட்டில் சொகுசாக உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து எல்லோரும் கத்த, அவளும் கைதட்டிக்கொண்டு அண்ணன் காதுக்குப் பக்கத்திலேயே ஓல்டான், ஓல்டான் என்று கத்தியிருக்கிறாள். இது பச்சை விளையாட்டுத்தான் என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டார். வழியில் யாரோ உதறினார்களோ, யாரோ வேட்டியில் துடைத்தார்களோ, கன்னியம்மா கைக்கு விசில் வந்து சேரும்போது தண்ணீர் போய்விட்டது. டிரைவர் தோளைத் தொடுவதற்குள் அமுலு பிடுங்கி வாயில் வைத்து ஊதிவிட்டாள். வண்டி நின்றதும் பின்னாலிருந்தவர்கள் விஷயத்தைச் சொல்ல, அந்தக் குழந்தை இதுதான் என்று புரிந்து அண்ணன் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் இறங்கி வந்திருக்கிறார்.

வசந்தா குழந்தையை வாங்கினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அப்படியே ஈர ரோட்டில் உட்கார்ந்து, அதன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மழை பெய்ததால் மானம் தப்பியது. அமுலு மட்டும் ஏதும் புரியாமல் எங்கள் எல்லோரையும் பார்த்து இன்னொரு முறை ஊதினாள்.

வண்டிக்குத் திரும்பினோம். ஒரு பயணிகூட லேட்டாகிவிட்டது என்று முனகவில்லை. என் குரலில் பேசும் பையன் எழுந்து வசந்தாவுக்கு இடம் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இனிமே உன் வாய்க்கும் நிப்பேன். விசில மட்டும் அந்தக் கொழந்தகிட்டேந்து வாங்கிக்கோ" என்றார்.

வாங்க முடியவில்லை. டிப்போவில் புது விசில் கேட்டு வாங்கினேன்.

சரி, கவிதாவுக்கு வருகிறேன். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த வார்த்தைக்கு ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா? மாடு மேய்க்கறது."

நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் அக்கா முறையான ஒரு பழைய மொழியில் அந்தச் சொல்லுக்கு மந்தையைப் பார்த்துக்கொள்வது என்றுதான் பொருளாம். ஆடு மாடுகள்மேல் கண்ணை வைத்திருப்பது, சிதறாமல் காப்பது. அறிஞர்கள் அப்படித்தான் சொல்கிறார்களாம். அதிலிருந்துதான் காப்பது, வைத்திருப்பது, கையில் பிடிப்பது, நிறுத்தி வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கிளை விட்டிருக்கிறது. ஒன்றைக் கண்ணெடுக்காமல் பார் என்பதற்கு அவர்கள் சொல்லும் பிஹோல்ட் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதானாம்.

கவிதா உள்ளே போனபிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. பொழுது சாயும்போது மாடுகளை ஓட்டிவருவார். எண்ணமாட்டார், எண்ணத் தெரியாது. ஒரு பார்வை பார்ப்பார். ஒரு தலை குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். மற்றதையெல்லாம் என்னிடம் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடித் திரும்பிப் போவார். கிடைக்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. வாத்தியார் என்னைச் சொன்னபோதெல்லாம் எனக்கு முகம் சிவந்ததே, அது எவ்வளவு தப்பு என்று இத்தனை வயசுக்கு மேல் ஒரு இங்கிலீஷ் அகராதி வந்து சொல்லவேண்டியிருக்கிறது. வாத்தியார் வாக்கு அப்படியே பலித்திருக்கிறது. அதுவும் அவருடைய இங்கிலீஷிலேயே.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பட்டாபிராமுக்குப் போன் போட்டேன். அண்ணனுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், வாய் அப்போதே மந்தம். பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஓல்டான் என்றால் மாடு மேய்ப்பது அண்ணே, நாம் இரண்டு பேரும் சர்வீஸ் பூராவும் மாடுதான் மேய்த்திருக்கிறோம் என்றேன்.

"மேச்சது நீ," என்றார் அண்ணன். "நீ ஓல்டான்னா நின்னேன், ரைட்டுன்னா போனேன். நான்தான்யா மாடு."

நான் சிரித்து அடங்கும்வரை காத்திருந்தார். பேச அங்கே கண்ணாடி இல்லையே, போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அத்தினி வருசத்துல எதுனா தொலச்சமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஒண்ணும் தொலைக்கல."

"அப்ப நல்லாத்தான் மேச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.